கடலறிவும் கடதாசியும்
மீன்பிடி வழிகாட்டிகளின் உரிமங்கள் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

வெஸ்ட் ஈலிங்கில் கடல் இல்லை. எமது கடைகளில் பனிக்கட்டிக்குள் கிடக்கும் விளைமீனும் பாரையும் அறக்குளாவும்தான் இங்கு கடலின் அடையாளங்கள். இந்த மீன்கள் வெறுங்கையோடு வந்தவையல்ல. 2010 ஜனவரி 1 முதல், எந்தக் கடலில் எந்தப் படகு பிடித்தது என்று சொல்லும் பிடிசான்றிதழ் இல்லாமல் கடல்மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய முடியாது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னரும் பிரித்தானியா இந்த நடைமுறையைக் கைவிடவில்லை. ஆக, கடல் கடந்து வரும் மீனிடம் கடதாசி இருக்கிறது. அதே கடலிலிருந்து வந்து சேர்ந்த மனிதரிடம் என்ன இருக்கிறது?

குருநகரிலோ மயிலிட்டியிலோ இருபது வருடங்கள் தொழில் செய்த ஒருவர் இங்கு அகதியாக வந்து நிரந்தர வதிவிடமும் பெற்றுவிட்டார் என வைத்துக்கொள்வோம். பிறைற்றனில் ஒரு சிறு படகை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பணம் வாங்கிக்கொண்டு தூண்டில்காரரைக் கடலுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார். அவரிடம் என்ன கேட்கப்படும்? இது வெறும் கற்பனைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கடலை அறிந்தவனுக்கு யார் சான்று வழங்குவது, அந்தச் சான்று அவனை யாருக்குப் பதில் சொல்ல வைக்கிறது என்ற பழைய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. எமது கரையோரங்களின் எதிர்காலம் பற்றிப் பேசுகிற எவரும் இக்கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1

முதலில் இங்குள்ள நிலைமை. ஹன்வெல்லில் கிராண்ட் யூனியன் கால்வாயின் கரையில் தூண்டில் போடும் 13 வயதுக்கு மேற்பட்ட எவரும் சுற்றாடல் முகவரகத்தின் தூண்டில் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அதே நபர் ரயில் ஏறிக் கடற்கரைக்குப் போய்க் கடல்மீனுக்குத் தூண்டில் போடுவதற்கு அப்படி ஒன்று பொதுவாகத் தேவையில்லை. வற்றுப்பெருக்குள்ள நீரில் மீன் பிடிப்பது பொதுமக்களின் உரிமை என்ற ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய நிலைப்பாடு இன்னும் நிற்கிறது. மீனின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் கடலில் தூண்டில் போடும் உரிமை எழுதிக் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றல்ல.

பணம் வாங்கிக்கொண்டு பிறரைப் படகில் ஏற்றியவுடன் இந்தச் சுதந்திரம் முடிந்துவிடுகிறது. கட்டணம் பெற்றுப் பன்னிரண்டு பேர்வரை ஏற்றும் சிறு படகு, 1990களில் தொடங்கிய பாதுகாப்புக் கோவைகளின்படி பரிசோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெறவேண்டும். பன்னிரண்டுக்கு மேல் ஒருவர் ஏறினாலும் அது பயணிகள் கப்பலாகிவிடும். அதற்கான விதிகள் வேறு. படகோட்டிக்கு றோயல் யொற்றிங் அசோசியேஷன் வழங்குவது போன்ற தகுதிச் சான்றிதழும், அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்ற மேலொப்பமும் வேண்டும். மருத்துவச் சான்று, கடலில் உயிர்தப்பும் பயிற்சி, முதலுதவி, வானொலி இயக்கும் அனுமதி ஆகியவையும் சேரும். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பது படகின் சான்றிதழையும் ஓட்டியின் தகுதியையும் பொறுத்தது. பிடித்த மீனை விற்பதானால் மீன்பிடிப் படகுக்கான உரிமம் என்று இன்னொரு கதை தொடங்குகிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட மீனைப் பற்றிக் கேட்பதில்லை. மீன் எங்கே மேய்கிறது, எந்த நீரோட்டத்தில் எந்த இரை எடுபடும் என்பதெல்லாம் அரசின் அக்கறைக்கு வெளியே. எங்கள் குருநகர்க்காரரின் இருபது வருட அறிவில் பெரும்பகுதி இந்தப் படிவங்களில் நிரப்புவதற்கு ஓர் இடமும் இல்லாதது. மிகுதியையும் நிரூபிப்பது கடினம். யொற்மாஸ்ரர் எனப்படும் தகுதியின் கரைகடந்த தரத்துக்கான பரீட்சைக்கு அமர, ஐம்பது நாட்களும் 2,500 கடல்மைல்களும் கடலில் கழித்ததாகப் பதிவேடு காட்டவேண்டும். அமெரிக்காவிலோ ஆறு பயணிகள்வரை ஏற்றும் படகோட்டியின் அனுமதிப்பத்திரத்துக்கு 360 நாட்கள் கடலனுபவம் காட்டவேண்டும். சொந்தப் படகில் பெற்ற அனுபவமானால் படகின் உடைமைப் பத்திரம் வேண்டும். படகு எரிக்கப்பட்டு, வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், சங்கத்தின் பதிவேடுகளும் அழிந்துபோன ஒருவருக்கு இந்த நாட்கணக்கை யார் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார்கள்?

2

இதிலிருந்து "எல்லாம் அதிகாரத்தின் விளையாட்டு" என்ற முடிவுக்குத் தாவிவிடுவது எமக்குப் பழக்கமான ஒன்றுதான். ஆனால் வரலாறு அவ்வளவு இலகுவாக இடங்கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் கூலிக்குப் பயணிகளை ஏற்றும் மோட்டார்ப் படகுகளை அனுமதிப்பத்திரம் உள்ளவரே ஓட்டவேண்டும் என்ற சட்டம் 1910இலேயே வந்துவிட்டது. அது போதவில்லை என்பதை 1951 செப்டெம்பர் 1 காட்டியது. நியூயோர்க் நகரத்துத் தூண்டில்காரரை விடுமுறை நாட்களில் லோங் ஐலண்டின் கிழக்கு முனையான மொன்ரோக் வரை கொண்டுபோய் விடுவதற்கென்றே தனி ரயில் ஓடிய காலம் அது. முந்தி வந்தவர்கள் முந்தி ஏறினார்கள். பெலிக்கன் என்ற மீன்பிடிப் படகில் அன்று ஏறியிருந்தவர்கள் 64 பேர். அது தாங்கக்கூடிய எண்ணிக்கையின் ஏறக்குறைய இரு மடங்கு. காற்று எழுந்தது, ஓர் இயந்திரம் நின்றது, துறைக்குத் திரும்பும் வழியில் படகு கவிழ்ந்தது. இறந்தவர்கள் படகோட்டி உட்பட 45 பேர். ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் சிறு படகுகளை அரசு பரிசோதிக்க வேண்டும் என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சாவுகளின் தொடர்ச்சியாகவே வந்தது. இன்று அமெரிக்கக் கரையெங்கும் வழிகாட்டிகள் ஆறு பேருடன் நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இந்த எல்லைக்கோடுதான்.

பிரித்தானியாவிலும் கதை வேறல்ல. உல்லாசப் படகுகளுக்கும் அவற்றை ஓட்டுபவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் 1907இலேயே உள்ளூராட்சி சபைகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் 1966 ஜூலை 31இல் கோர்ண்வோல் கரையில் டார்ல்வின் என்ற படகு 31 பேருடன் கடலில் காணாமல் போயிற்று. அவர்களில் எட்டுப் பேர் சிறுவர்கள். ஒருவரும் தப்பவில்லை. பழைய கடற்படைப் படகொன்றை மாற்றியமைத்து உருவாக்கியது அது. பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதி அதற்கு இல்லை, வானொலியும் இல்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது, படகில் ஏறியவர்களிடம் அது போய்ச் சேரவில்லை.

இந்தச் சாவுகளை மறந்துவிட்டு உரிமம் என்பதே ஒடுக்குமுறை என்று எழுதுவது எமக்குச் சாத்தியமில்லை. படகில் ஏறுபவருக்குக் கடல் தெரியாது. ஓட்டியின் முகத்தைப் பார்த்து அவரது திறமையை எடைபோடவும் தெரியாது. அவர் சார்பில் முன்கூட்டியே யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பாதுகாப்பு உரிமத்தின் நியாயம் இவ்வளவுதான், ஆனால் இது சிறிய நியாயமல்ல. இந்தக் கடதாசி வழிகாட்டியைப் பயணிக்குப் பதில் சொல்ல வைக்கிறது.

3

எமது கடலில் வந்த கடதாசிகள் அப்படிப்பட்டவையா? மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு இதற்கு நல்ல உதாரணம். மீன்பிடி என்ற சொல்லின் இறுக்கமான பொருளில் அது அடங்காவிட்டாலும், கடலறிந்தவரை முன்னே விட்டு அறியாதவர் பின்னே போகும் தொழிலாக எமது வரலாற்றில் மிகவும் விரிவாக எழுதிவைக்கப்பட்டது அதுதான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, முத்தெடுக்கும் வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒன்றும், மந்திரத்தால் மீன்களைக் கட்டி மூழ்குபவரைக் காப்பவர்களுக்கு இருபதில் ஒன்றும் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார். அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1859இல் இலங்கை பற்றிய தனது நூலை வெளியிட்ட எமர்சன் ரெனன்ற், சுறாவைக் கட்டுபவரின் சடங்கு இல்லாமல் எந்த முத்துக்குளிப்பும் தொடங்காது என்கிறார். அந்த உரிமை பரம்பரையாக வந்ததென்றும், அப்போது அதை வைத்திருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் எவருடைய நம்பிக்கையும் குறையவில்லை என்றும் அவர் எழுதுகிறார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, ஒன்று தெளிவு: இந்த 'உரிமத்தை' வழங்கியவர்கள் மூழ்குபவர்கள். கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் அவர்கள் நீரில் இறங்கமாட்டார்கள். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனாலும் மூழ்குபவர்களின் இந்த நிபந்தனைக்கு அவர்கள் இணங்கிப்போக வேண்டியிருந்தது.

இன்னொரு வழிகாட்டி அடப்பனார். இரவில் புறப்படும் படகுக் கூட்டத்தை முத்துப்பார்களுக்கு இட்டுச் செல்பவர். கரைக்குறிகளையும் ஆழத்தையும் நீரின் நிறத்தையும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரின் மேல் படகுகளைக் கொண்டுவந்து நிறுத்தும் அறிவு இவர்களுடையது. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் விஞ்ஞானியாக இக்கடலை ஆராய வந்தபோது அவரது வரைபடங்களில் பதிவான பெயர்களைப் பாருங்கள்: பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார். 'பார்' என்ற தமிழ்ச்சொல்லே ஆங்கில அறிக்கைகளில் கலைச்சொல்லாகிவிட்டது. இடங்களின் பெயர்கள் விஞ்ஞானத்துக்குள் போயின. அந்த இடங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தவர்களின் அறிவு, அறிவு என்ற தகுதியோடு அங்கே போகவில்லை.

அரசு கொடுத்த கடதாசியோ வேறு வகையானது. படகுகள் பதிவு செய்யப்பட்டன, இலக்கமிடப்பட்டன. எடுத்த சிப்பிகள் கொட்டு எனப்பட்ட அடைப்புக்குள் எண்ணப்பட்டு, மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு மூழ்கியவருக்கும் பிரிக்கப்பட்டன. 1906இல் மரிச்சுக்கட்டியில் இந்தக் கணக்கை மேற்பார்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டனில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் அறியப்பட்ட லெனாட் வூல்ஃப். அதே ஆண்டில் முத்துப்பார்கள் ஒரு லண்டன் கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் பல ஆண்டுகள் குளிப்பதற்குச் சிப்பி இருக்கவில்லை. கம்பனியும் கலைந்தது. மூழ்குபவரையும் ஓட்டியையும் இலக்கமிட்டு எண்ணிய அந்த முழு ஏற்பாடும் அவர்களைத் திறைசேரிக்குப் பதில் சொல்ல வைத்ததே தவிர, மூச்சடக்கி இறங்கும் மனிதரின் உயிருக்கு எவரையும் பதில் சொல்ல வைக்கவில்லை.

4

திறைசேரியின் கடதாசிக்கு அடுத்து வந்தது பட்டாளத்தின் கடதாசி. 1984இல் வடகடல் தடைவலயமாக்கப்பட்டது முதல் எமது கடற்றொழிலாளர் அறிந்த கடதாசி 'பாஸ்'தான். எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், எவ்வளவு தூரம், எவ்வளவு குதிரைவலு இயந்திரம் என்பதைக் கடலோ காற்றோ அல்ல, முகாம் தீர்மானித்தது. 1996இல் வந்த கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டம் மீன்பிடிச் செயல்களுக்கான அனுமதிப்பத்திரங்களை வகுத்துச் சொன்ன அதே காலத்தில், யாழ்ப்பாணத்து மீனவருக்கு அச்சட்டத்தைவிடத் துறைமுகக் காவலரணே பெரிய சட்டமாக இருந்தது. போர் முடிந்த பின்னர் பாஸ் படிப்படியாக விலக்கப்பட்டது. ஆனால் அனுமதி என்றால் இராணுவ அனுமதி என்ற பழக்கம் ஒரு தலைமுறையின் உடம்பில் ஊறிவிட்டது.

இந்தப் பாஸ் எதுவும் இல்லாமல் எம்மை ஏற்றிச் சென்றவர்களையும் இங்கு நினைக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்டபோது, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். இதை வாசிப்பவர்களிலும் சிலர் அப்படிக் கடந்தவர்களாக இருக்கலாம். 1993 ஜனவரி 2இல் கடற்படையின் தாக்குதலில் அந்த நீரில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் ஓட்டிகள் ஓட்டினார்கள். வெளிச்சமில்லாமல், நீரின் ஆழத்தைக் கழியாலும் காற்றை முகத்தாலும் அறிந்து அக்கரை சேர்த்த அவர்களிடம் எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. எம்மில் பலர் இன்று லண்டனில் பட்டங்களுடன் இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. மன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரத்துக்குத் தப்பியோடியவர்களில், பணத்தை வாங்கிக்கொண்டு நடுவழியில் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் உண்டு. அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட படகுகள் கவிழ்ந்து இறந்தவர்களும் உண்டு. ஓட்டிக்குக் கடலறிவு இருந்தது. அவரைக் கேள்வி கேட்கத்தான் எவரும் இருக்கவில்லை. பெலிக்கனில் ஏறிய நியூயோர்க் தொழிலாளிக்கும், மணல் திட்டில் குழந்தையுடன் நின்ற அகதிக்கும் இந்த ஒரு விடயத்தில் வித்தியாசம் இல்லை. கடலறிவு மட்டும் போதும் என்று வாதிடுபவர்கள் இந்தத் திட்டுகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கடதாசி சந்தையினுடையது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாகச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இலங்கையை எச்சரித்தது. 2015 ஜனவரியில் தடை அமுலுக்கு வந்தது. 2016 ஜூனில் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவியும் பதிவேடும் வந்தன. இவற்றில் பயனுள்ளவை உண்டு. ஆனால் கொழும்பில் பல ஆண்டுகள் நகராத ஒன்று பிரசெல்ஸிலிருந்து ஒரு கட்டளை வந்தவுடன் நகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டியை இப்போது வாங்குபவனுக்குப் பதில் சொல்ல வைத்தார்கள்.

5

திறைசேரி, முகாம், சந்தை என்ற மூன்றுக்கும் பதில் சொல்லிப் பழகிய எமது கடற்கரைக்கு இப்போது நான்காவதாக உல்லாசப் பயணி வருகிறார். திருகோணமலையிலும் கற்பிட்டியிலும் வெளிநாட்டவரைத் தூண்டில் மீன்பிடிக்கு அழைத்துச் செல்வது ஒரு தொழிலாக வளர்ந்துவருகிறது. வடக்கின் தீவுகளுக்கும் அது வந்து சேரும். உல்லாசப் பயண வழிகாட்டிகள் பயிற்சி பெற்று உரிமம் பெறும் ஏற்பாடு 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. படகுக்கான பதிவும் மீன்பிடிக்கான அனுமதியும் வேறு திணைக்களத்தினுடையவை. ஆங்கிலமும் படிவமும் வகுப்பறையும் தெரிந்தவருக்கு இந்தப் பாதை இலகு. அப்படியானால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. உரிமம் விடுதி முதலாளியின் பெயரில் இருக்கும். கடலறிந்தவர் அவரிடம் நாட்கூலிக்கு நிற்பார். அடப்பனாரின் கதை மீண்டும் ஒருமுறை எழுதப்படும்.

இதற்கு அரசை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்பமுடியாது. யாழ்ப்பாணத்துச் சமூகம் படிப்பு என்று ஏற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் கிடைப்பதை மட்டும்தான். சோளகமும் வாடையும் கொண்டலும் எப்போது திரும்பும் என்று அறிந்திருப்பது அதன் பார்வையில் படிப்பல்ல, சாதித்தொழில். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்மரக்கப்பல் அவ்வூர்த் தண்டையலையும் மாலுமிகளையும் கொண்டு அத்திலாந்திக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததை இன்று பெருமையோடு சொல்கிறோம். ஆனால் தண்டையலின் அறிவைப் பாடமாக்க எமது கல்லூரிகள் எதுவும் முன்வரவில்லை. புலம்பெயர்ந்த பின்னரும் இது மாறியதாகத் தெரியவில்லை. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு இங்கு சமதகுதி கிடைக்கவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசிய நாம், கடற்றொழிலாளரின் அனுபவத்துக்குச் சமதகுதி கேட்டு எத்தனை கூட்டம் போட்டோம்?

அறிவுக்கும் பொறுப்புக்கும் ஒரே கடதாசியில் இடமளிப்பது முடியாத காரியமல்ல. 2021இல் இங்கிலாந்தில் நீலத்துடுப்புச் சூரை மீனைப் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் கடலில் விடும் திட்டம் ஒன்று தொடங்கியபோது, தெரிந்தெடுக்கப்பட்ட வாடகைப் படகோட்டிகளுக்குப் பயிற்சியும் அதிகாரமும் கொடுத்து, அவர்கள் திரட்டிய தகவல்களை விஞ்ஞானிகள் பயன்படுத்தினார்கள். மீன் எங்கே வரும் என்று தெரிந்தவரின் அறிவு இங்கு உரிமத்தின் உள்ளே வந்துவிட்டது. 2024 முதல் இது பொது அனுமதிப்பத்திர முறையாக விரிந்தது. எண்ணிக்கையில் சிறிய விடயம்தான். ஆனால் ஓட்டியை வண்டிக்காரனாக மட்டும் பார்க்காத ஒரு முன்மாதிரி.

வடக்கில் ஒவ்வொரு துறைக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் அவற்றின் சமாசங்களும் இருக்கின்றன. யார் எத்தனை வருடம் கடலில் நின்றார், யார் காற்றுக் காலத்தில் படகை இறக்காமல் நிறுத்துவார், யார் ஆசைப்பட்டு இரண்டு பேரைக் கூட ஏற்றுவார் என்பதெல்லாம் அந்தச் சங்கங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தத் திணைக்களத்துக்கும் தெரியாது. கடல்வழிகாட்டிகளுக்கான உரிமம் வரத்தான் போகிறது. அது வரும்போது கடலனுபவத்துக்குச் சான்று வழங்கும் அதிகாரம் சங்கங்களிடம் இருக்கவேண்டும். பரீட்சை வாய்மொழியாகவும் தமிழிலும் கடலிலும் நடக்கவேண்டும். உயிர்காப்பு அங்கி, வானொலி, ஏற்றும் எண்ணிக்கை ஆகியவற்றில் எந்தத் தளர்வும் கூடாது. உரிமம் ஓட்டியின் பெயரில் இருக்கவேண்டும், விடுதியின் பெயரில் அல்ல.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஆனால் இவற்றை இப்போதே எழுதிவைக்காவிட்டால் படிவங்களை வேறு யாரோ தயாரிப்பார்கள். இவை பற்றி மாற்றுக் கருத்துகள் இருக்கலாம். குறிப்பாகச் சங்கங்களுக்குள்ளேயே இருக்கும் சாதி, ஊர், கட்சிப் பிணக்குகள் சான்று வழங்கும் அதிகாரத்தை என்ன செய்யும் என்பது நியாயமான சந்தேகம். அதைப் பற்றிக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் எழுதவேண்டும். கடலைப் பற்றி இதுவரை கரையில் நின்றவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறோம்.